பச்சையில் நின்ற எண்

மருத்துவம் படிக்க ரஷ்யா போய், பாதியில் ஆம்பூருக்குத் திரும்பியவள் நான். பட்டம் வரவில்லை, மொழி மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போது மென்பொருள்களில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளைப் பற்றிய ஆங்கில அறிக்கைகளை ரஷ்ய மொழியில் பெயர்த்துக் கொடுக்கிறேன். ஓட்டைக்கு அங்கே ‘உயஸ்வீமஸ்த்’ என்று பெயர். காயப்படக்கூடிய தன்மை என்று சொல்லலாம். நாளெல்லாம் அதைத் தட்டியும் என் கை ஒருநாளும் கூசியதில்லை.

அன்று காலை வந்த அறிக்கை, விஷவாயு அளக்கும் மீட்டர் ஒன்றைப் பற்றியது. நெட்வொர்க் வழியாகக் கோணலாக ஒரு செய்தி வந்தால் போதும், மீட்டர் அளப்பதை நிறுத்திவிடும். திரை அணையாது, மணி அடிக்காது. கடைசியாக அளந்த எண்ணையே பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பழைய எண்ணைக் குறிக்கச் சரியான ரஷ்யச் சொல் தேடி வெகுநேரம் மல்லுக்கட்டினேன். கிடைத்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் மாடல் பெயரைத் தட்டினேன். என் கணவர் வேலை செய்யும் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இருப்பதும் அதேதான். அதை மாட்டிய நாளில், பெண் பார்க்கப் போனவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

அறிக்கை வெளியாகும்வரை மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கையெழுத்தாவது மண்ணாவது என்று போனை எடுத்தேன்.

“ஏங்க, அந்த கேஸ் மீட்டர் இன்னா நம்பர் காட்டுது?”

“ரெண்டு.”

“நேத்து?”

“ரெண்டுதான். ஒரு வாரமா அதேதான். முன்ன ஏறி எறங்கி ஒரே பேஜார் பண்ணிக்கினு இருந்துச்சு. இப்ப நல்லா செட் ஆயிடுச்சு.”

“தொட்டிக்குள்ள யாராவது எறங்கியிருக்காங்களா?”

“இப்பத்தான் ரெண்டு பேரு எறங்குனாங்க. சேறு வாரணும்ல.”

“மேல ஏறச் சொல்லுங்க! மீட்டர் செத்துக் கெடக்கு!”

போனை வைக்காமலேயே ஓடினார். பம்பு ஓடும் சத்தம் கேட்டது. அவர் இருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. பதில் மட்டும் கேட்கவில்லை.

கயிறு கட்டித் தூக்கினார்கள். ஒருவர் வாந்தியெடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். இன்னொருவருக்கு மறுநாள்தான் ஆஸ்பத்திரியில் நினைவு வந்தது. மேனேஜர் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் வெயில் மயக்கம்தான் என்றாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அறிக்கையையே அவருக்கு அனுப்பிவிட்டேன். உடனே கூப்பிட்டார்.

“மீட்டர் கம்பெனிக்காரனே இன்னும் ஒண்ணும் சொல்லலையேம்மா. அவன் சொல்லட்டும், பாக்கலாம்.”

அவன் சொல்லமாட்டான். மீட்டர் கம்பெனி கேட்டுக்கொண்டதால் அறிக்கையை வெளியிடும் நாளைத் தள்ளிவைத்திருப்பதாக, எனக்கு வேலை கொடுப்பவர்களிடமிருந்து அன்று மாலையே தகவல் வந்தது. கூடவே, மொழிபெயர்ப்பு பிரமாதம் என்று ஒரு வரி.

மிச்சச் சேற்றை வாரும் வேலைக்கு என் கணவர் பெயரைப் போட்டார்கள். போகவே கூடாது என்று அழுதேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்:

“நான் எறங்கலன்னா, வேற யார எறக்கச் சொல்ற?”