தொப்பியில் விழுந்த ஓட்டைகள்

“அம்மா, உங்க ஆனி கீழே விழுந்துடுச்சு பாருங்க” என்று வாசல்காரர் ஆர்வில் குனிந்து எடுத்துக் கொடுத்தார். லவீனாவிடம் ஆனியும் இல்லை, காசும் இல்லை. பிள்ளையோடு மழைக்கு ஒதுங்கித்தான் அந்த ஒஹாயோ ஊர் நாடகக் கொட்டகை வாசலில் நின்றாள். அவர் நீட்டியது சோப்புப் பெட்டி அட்டை. அதில் ஓட்டை போட்ட தூள் இன்னும் அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்தது. கர்த்தர் மன்னிப்பார் என்று அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

எறிந்த சீட்டுக்கட்டுச் சீட்டைத் தரையில் விழுமுன் சல்லடையாகச் சுடுவாளாம் துப்பாக்கி வித்தைக்காரி ஆனி ஓக்லி அம்மாள். இலவசச் சீட்டில் அடையாளத்துக்குப் போடும் ஓட்டையும் அவள் சுட்டதுபோலவே இருப்பதால், ஓசிச் சீட்டுக்கு அவள் பேரே பேராகிவிட்டது. ஆர்விலுக்கோ ஓசி எல்லாமே ஆனிதான். சபை விருந்தில் ஆப்பிள் பலகாரத்தைக் காட்டி, “இது ஆனியா, காசா?” என்று சத்தமாகக் கேட்பார். ஓட்டை போடும்போது ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, “டுமீல்” என்பார். பிறகு துளைக்கருவியின் வாயில் புகை இருப்பதுபோல ஊதிவிடுவார்.

முதலாளி கெர்பர் ஒருநாள் கத்தினார்: “கொட்டகை வழியுது, பெட்டி காலியா கிடக்குதேய்யா! இனி டிக்கெட்டோ ஆனியோ இல்லாம எங்கப்பனே வந்தாலும் விடாதே. விட்டே, வேலை போச்சு!”

அந்தச் சனிக்கிழமை கெர்பரே மச்சானோடு வந்தார். ஆர்வில் கையைக் குறுக்கே நீட்டினார்.

“டிக்கெட், முதலாளி?”

“யோவ், நான்யா!”

“தெரியுதுங்க. அப்பாவையே விடாதேன்னீங்க, மகனை எப்படி விடறது?”

வரிசையே சிரித்தது. கெர்பரின் முகம் பீட்ரூட் ஆயிற்று. ஆர்விலுக்கு மனசு கேட்கவில்லை. முதலாளியின் புதுத் தொப்பியை மெல்லக் கழற்றி, கண்ணை மூடி, “டுமீல், டுமீல், டுமீல்” என்று விளிம்பைத் துளைத்து, ஊதி, திரும்பத் தலையில் வைத்தார்.

“இப்போ தாராளமா போங்க.”

வேலை போயிற்று. தங்கையோடு இருக்க டோலிடோவுக்குக் கிளம்பினார். ஆப்பிள் பலகாரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு ரயிலடிக்கு வந்தாள் லவீனா.

“என்னாலதானே அண்ணே இவ்வளவும்?”

“சோப்பு அட்டைக்கு யாரும்மா வேலையைப் பிடுங்குவான்? தொப்பிதான் விலை ஜாஸ்தி.”

படியில் நின்ற டிக்கெட் பரிசோதகர் அவர் சீட்டை வாங்கித் துளைத்துக் கொடுத்தார். ஆர்வில் அந்த ஓட்டை வழியாக லவீனாவைப் பார்த்தார். வண்டி அசைந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து தன் துளைக்கருவியை எடுத்து, ஒரு கண்ணை மூடினார்.

“ஒரே ஓட்டை! இவ்வளவு மோசமா குறி பார்க்கிற ஆளை நம்பி எப்படிம்மா டோலிடோ வரைக்கும் போறது?”