லண்டனுக்குப் படம் வரும்வரை

எண்பதுகளில் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் கலாவதியைத் தெரியாத யாழ்ப்பாணத்தார் இருந்திருக்க முடியாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, முப்பத்தாறு வயது, கலியாணம் ஆகவில்லை, வாய் கொஞ்சம் நீளம். இவை ஒன்றும் அவளைப் பிரபலமாக்கவில்லை. அவள் ரசிகர் மன்றத்தின் செயலாளர். மெட்ராஸில் ஒரு கதாநாயகன் தலையைச் சிலுப்பினால் லண்டனில் விசிலடிக்க நாற்பது பேர் இருந்தார்கள். அந்த நாற்பது பேரையும் கட்டி மேய்த்தவள் அவள்தான்.

மன்றத்துக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம். கதை சொல்லக் கூடாது.

தீபாவளிக்கு மெட்ராஸில் வெளியாகும் படம் லண்டனுக்கு வந்து சேர ஒரு மாதமாவது ஆகும். வந்ததும் மன்றம் ஞாயிறு காலையில் ஒரு தியேட்டரை வாடகைக்கு எடுக்கும். அதுவரை கதை காதில் விழாமல் பார்த்துக்கொள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். படம் பாரிஸுக்கு முதலில் போய்விட்டால் அங்கேயிருக்கும் மச்சான்மார் சும்மா இருப்பார்களா? அப்படி மச்சான் ஒருவன் வழியாகக் கதை தெரிந்துகொண்ட யோகராஜா, ஒரு கலியாண வீட்டில், "கடைசியிலை தம்பிக்காரன்தான் சாகிறான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். படம் ஓடிய அன்று இடைவேளை வரைக்கும் அவனை வெளியே நிற்க வைத்தார்கள். தீர்ப்புச் சொன்னது கலாவதி.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரில் அவள் வளர்ந்த காலத்தில் மெட்ராஸ் படம் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் வரும். அதற்குள் பாட்டெல்லாம் ரேடியோவில் கேட்டுப் புளித்துப் போயிருக்கும். கதையைப் பத்திரிகைக்காரன் ஒன்றுவிடாமல் எழுதியிருப்பான். வாழ்க்கையில் ஒரு படத்தையாவது முடிவு தெரியாமல் பார்த்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அந்த ஆசைக்குப் பெரிய எதிரி அவளுடைய தங்கை சிவமலர். தாய் தகப்பன் போன பிறகு அவளுக்கு மிஞ்சிய ஒரே சொந்தம். எட்டு வயது இளையவள். ஊரில் இனப் பிரச்சினை முற்றியபோது வள்ளம் ஏறி மெட்ராஸுக்குப் போய், கோடம்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு லண்டன் விசாவுக்குக் காத்திருந்தாள். அவளும் அதே கதாநாயகனின் ரசிகை. முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்தால் அவளுக்குக் கை நிற்காது. அதனால் கலாவதி தனக்கென்று ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டாள்: தீபாவளி முதல் லண்டனில் படம் ஓடும் நாள்வரை மெட்ராஸ் கடிதம் எதையும் உடைப்பதில்லை.

எண்பத்தைந்தில் சிவமலர் அதையும் முறியடித்தாள். கடிதத்தின் முதுகில், "கதை இல்லை, பயப்பிடாமல் உடை" என்று எழுதியிருந்தாள். கலாவதி நம்பி உடைத்தாள். மூன்றாவது வரியில் வில்லன் யார் என்று இருந்தது. ஒரு கிழமை முழுக்கத் தங்கையைத் திட்டிக்கொண்டே திரிந்தாள், திட்டும்போதே சிரித்தாள், மன்றத்தில் எல்லோருக்கும் அந்தக் கடிதத்தைக் காட்டினாள்.

அடுத்த வருடம் நவம்பர் முடிவில் ஒரு கடிதம் வந்தது. முதுகில், "கதை இல்லை. உடனே உடை."

"இந்த முறை ஏமாற மாட்டன், பிள்ளை" என்று சொல்லிவிட்டு அதை மேசை லாச்சிக்குள் போட்டாள். டிசம்பர் நடுவில் இன்னொன்று. அதே வாசகம், இந்தத் தடவை அடிக்கோடு இரண்டு. கலாவதிக்குச் சிரிப்பு வந்தது. தங்கைக்கு ஒரு கார்டு போட்டாள். "படம் இன்னும் வரேல்லை. உன்ரை கடிதம் எல்லாம் லாச்சியிலை உடைக்காமல் கிடக்குது. படம் பார்த்த பிறகு ஆறுதலாய் வாசிச்சு மறுமொழி போடுறன்."

படமோ வந்தபாடில்லை. சிங்கப்பூருக்குப் போனது, மலேசியாவுக்குப் போனது, பாரிஸுக்கும் போனது. ஹவுன்ஸ்லோவில் இருந்த மன்றத் தலைவர் குகதாசன் ஒவ்வொரு கிழமையும் டெலிபோன் எடுத்து, "அடுத்த ஞாயிறு கட்டாயம், அக்கா" என்பார். இப்படியே பதினொரு கிழமை போனது. ஜனவரியில் சிவமலரின் மூன்றாவது கடிதம் வந்தது. பின்னால் நாலாவதாக ஒன்று, முகவரி வேறு யாருடைய கையெழுத்திலோ இருந்தது. ஆளை வைத்து எழுதுவித்தால் நான் உடைத்துவிடுவேன் என்று நினைத்துவிட்டாளாக்கும் என்று எண்ணி அதையும் லாச்சியில் போட்டாள்.

கடைசியில் ஜனவரி பதினெட்டாம் திகதி படம் வந்தது. அந்தக் கிழமை லண்டனில் பனி கொட்டித் தீர்த்திருந்தது. நாற்பது பேரும் சப்பாத்து நனைய வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கும் கதை தெரியாது. இடைவேளையில் குகதாசன், "எப்பிடி அக்கா?" என்று கேட்டார். "பேசாதை, முடியட்டும்" என்றாள். கடைசிக் காட்சியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், விளக்குப் போட்டதும் எழுந்து நின்று கை தட்டினாள். அன்றைக்கு அவளைப் போலச் சந்தோஷமான மனுஷி லண்டனில் இருந்திருக்க மாட்டாள்.

அறைக்கு வந்து தேத்தண்ணி போட்டாள். அதே படத்தைத் தங்கை எப்படிப் பார்த்திருக்கிறாள் என்று வாசிக்கப் போகிற ஆவல். கட்டிலில் சப்பணம் கட்டி உட்கார்ந்து முதல் கடிதத்தை உடைத்தாள்.

"அக்கா, நான் படத்துக்குப் போகேல்லை. காய்ச்சல். கண் மஞ்சளாய்க் கிடக்கு, செங்கமாரியாம். இங்கையிருந்து லண்டனுக்கு எடுக்க என்னட்டைக் காசில்லை. ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலமை பத்து மணிக்குக் கீழ் வீட்டு ரெலிபோனுக்கு ஒருக்கா எடு. உன்ரை குரலைக் கேட்டால் போதும்."

இரண்டாவது: "மூண்டு ஞாயிறும் கீழை போய் இருந்தன். உனக்கு ஷிப்ட் போலை. இப்ப படி இறங்க ஏலாமல் கிடக்கு. எண்டாலும் வருவன். எடு."

மூன்றாவதில் எழுத்துக் கோணலாக ஓடியது. "உன்ரை கார்டு கிடைச்சுது. நீ ஒண்டும் உடைக்கேல்லை எண்டு இப்பதான் விளங்கினது. போன வருசம் நான் செய்த வேலைக்கு எனக்கு இது வேணும். கீழ் வீட்டுச் சுலோச்சனா மாமி தந்தி அடிப்பம் எண்டா. நான்தான் விடேல்லை. தந்தி எண்டால் நீ தனிய நிண்டு பயந்து போவாய். படம் இப்ப வந்திடும்தானே."

நாலாவது கடிதம் சுலோச்சனா மாமி எழுதியது. சிவமலர் ஜனவரி ஐந்தாம் திகதி விடியற்காலையில் போய்விட்டாள். லண்டன் விலாசம் அவளுடைய பையில் இருந்ததைத் தேடி எடுத்து எழுதுவதாக மாமி எழுதியிருந்தார்.

கலாவதி அழவில்லை, கத்தினாள். பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தட்டும் அளவுக்குக் கத்தினாள். நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. அவள் என்ன சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்வாள்? யாரைக் குறை சொல்வாள்? படம் பிந்தியது குற்றமா, தங்கையின் விளையாட்டுக் குற்றமா? எப்படிச் சுற்றி வந்தாலும் கடிதங்களை உடைக்காமல் வைத்திருந்தது தன்னுடைய கைதான் என்ற இடத்திலேயே வந்து நின்றாள்.

ஐந்தாம் நாள் குகதாசன் வந்தார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். நடந்ததெல்லாம் அவள் சொல்லக் கேட்டுவிட்டு, "அக்கா, செங்கமாரி முத்தினால் ஆளுக்கு நினைவு இராது. நீங்கள் எடுக்கேல்லை எண்டது அந்தப் பிள்ளைக்குக் கடைசியிலை தெரிஞ்சே இராது" என்றார்.

கலாவதி சுலோச்சனா மாமியின் கடிதத்தை எடுத்து, இரண்டாம் பக்கத்தை அவர் கையில் கொடுத்தாள். குகதாசன் வாசித்தார்.

"ஆஸ்பத்திரியில கடைசி ரெண்டு நாளும் வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் ஒண்ணே ஒண்ணுதாம்மா கேட்டா, லண்டனுக்குப் படம் வந்துடுச்சான்னு. ஜுரத்துல ஏதோ பேசறா, மனசு சமாதானப்படட்டும்னு, வந்துடுச்சும்மான்னு நான்தான் சொன்னேன். அவ முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். உடனே எழுந்திருக்கப் பாத்தா. அக்கா இப்ப கடிதத்தைப் படிச்சிருப்பா, போன் பண்ணுவா, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் போன்கிட்ட உட்கார வையுங்கன்னு சொல்லி என் கையைப் பிடிச்சவ, விடவே இல்லை."