இடியப்பத் தட்டுக்குள் மூன்று அம்பு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆங்கிலம் தெரியாமலே நியூசிலாந்துக்கு வந்து ஒனிஹங்காவில் வெல்டிங் பட்டறை போட்டேன். நான் வாங்கிய சரிவுக் காணியில் வீடு நிற்காது என்றார்கள். இரண்டு மாடி நிற்கிறது. கோயில் தேருக்கு இரும்பு அச்சு செய்து கொடுத்தேன். அறுபத்தெட்டு வயதில் அம்பு தாங்கும் சாக்கு ஒன்று கட்டினேன். எல்லாவற்றிலும் என்னைப் பாடாய்ப் படுத்தியது அதுதான்.

மருமகனுக்கு எல்லர்ஸ்லியில் அலுவலக வேலை. சனி, ஞாயிறில் வில்லோடு மலைக்குப் போய்க் காட்டாடு வேட்டையாடுவார். என்னையும் கூட்டிப்போகக் கேட்டேன்.

“இருபது காலடித் தூரத்தில நிண்டு, ஆட்டின்ர நெஞ்சளவு வட்டத்துக்குள்ள மூண்டு அம்பையும் விடோணும் மாமா. ஒண்டு பிசகினாலும் ஆடு காயத்தோட ஓடிக் கிடந்து துடிக்கும். அப்பிடியெண்டால் கூட்டிக்கொண்டு போகமாட்டன்.”

நியாயமான பேச்சு. ஆட்டின் நெஞ்சு ஓர் இடியப்பத் தட்டளவு இருக்குமாம். தட்டை வைத்தே காகிதத்தில் வட்டம் வெட்டினேன்.

அரிசிச் சாக்கில் பஞ்சு அடைத்துப் பின்வளவில் வைத்தேன். மருமகன் தந்த வில்லால் விட்ட அம்பு ஊடுருவிப்போய்ச் சுவரில் மோதியது. பிறகு பழைய சீலைகளை அடைத்து, ஏறி மிதித்து இறுக்கினேன். அம்பு நின்றது. பிடுங்கிப் பார்த்தால் நுனியில் சரிகை நூல்.

“இஞ்சேருங்கோ, அது மகள் பெரியபிள்ளையாகேக்க உடுத்த சாமத்தியச் சீலையெல்லோ,” என்றாள் மனைவி.

“நல்ல சீலை. அம்பையே பிடிச்சிட்டுது.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்து அன்று வில்லே இழுபடவில்லை.

ஒரு மாதமாக மூன்றாவது அம்பு மட்டும் வட்டத்துக்கு வெளியே போனது. யன்னலில் நின்று பார்த்த மனைவிதான் கண்டுபிடித்தாள்.

“கடைசி அம்பை விடேக்க கண்ணை மூடுறியள். சந்நிதியில நிண்டு கும்பிடுற மாதிரி.”

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அம்பை விட்டேன், மருமகன் முன்னாலேயே. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் தட்டுக்குள். முழங்கால் வலியை மறந்து சாக்கைச் சுற்றி ஆடினேன்.

“சரி மாமா, சனிக்கிழமை விடியப் பயணம்,” என்றார் மருமகன்.

அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குச் சாக்கின் படம் போனது. கீழே, ‘மாமாவுக்கு நான் பழக்கின வில்வித்தை’ என்று மருமகனின் ஒரு வரி.

தம்பி, இதை நீர் வாசிப்பீர் என்று தெரியும். சாக்குக் கட்டியது நான். மூன்று அம்பையும் விட்டது நான். கண்ணைத் திறக்க வைத்தது உம்முடைய மாமி. வில்லும் மூன்று அம்புச் சட்டமும் உம்முடையவை, மறுக்கவில்லை. சனிக்கிழமைக்கு முன் அந்த வரியை அழித்துவிட்டு, இப்படியே எழுதிப் போடும்.