பொங்கல் லீவு தராத சூதாட்டக் கம்பெனி

யாராவது எதையாவது சும்மா கொடுத்தால், வீரய்யா கை நீட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "இதுல கழிவு எவ்வளவு?" கோயிலில் சுண்டல் கொடுத்த பூசாரியிடமே ஒருமுறை அப்படிக் கேட்டதாகக் கந்தப்பளைப் பக்கத்தில் சொல்வார்கள். அது பொய். அடுத்த திருவிழா வரியில் இந்தச் சுண்டலைச் சேர்ப்பீர்களா என்றுதான் பூசாரியிடம் அவர் கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. தேயிலைத் தோட்டத்தில் சும்மா வருவது எதுவும் இல்லை. தீபாவளிக்கு முற்பணம் என்று கையில் கொடுப்பார்கள். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு ஒரு கழிவு, மழை பெய்தால் ஈரத்துக்கு ஒரு கழிவு, மழை பெய்யாவிட்டாலும் பனிக்கு ஒரு கழிவு. இவற்றையெல்லாம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் வாதாடிக் குறைத்ததால்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீரய்யாவைத் தொழிற்சங்கத் தலைவராக்கினார்கள். அன்றிலிருந்து அவர் தலைவர்தான். தெருவில் போகும் நாய்கூடத் தலைவர் என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்புவார் என்பது அவருடைய மனைவி காளியாயியின் கணிப்பு.

வீரய்யாவின் பேரத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொல்வதை முழுவதும் கேட்பார். பிறகு நான்கு கோரிக்கை வைப்பார். அதில் இரண்டு நடக்கக்கூடியது, ஒன்று நடக்காதது, ஒன்று துரையைக் குழப்புவதற்கு. ஒருமுறை கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்கு கேட்டுப் போனவர், கூடவே தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைக்காம்பராவில் விட்டுப்போகும் பிள்ளைகளுக்கு வானொலிப் பெட்டி வேண்டும் என்றும் கேட்டார். துரை வானொலிப் பெட்டியைப் பற்றியே ஒரு மணி நேரம் வாதாடிக் களைத்துப் போய், படங்குக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மகள் சுதர்ஷினியின் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் "எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க" என்றார்கள். வீரய்யா முகம் மாறிவிட்டது. வேண்டாம் என்று ஆரம்பிக்கிறவர்களிடம் எப்படிப் பேரம் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அவர்கள் வேண்டாம் என்றதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுத்து மனதைத் தேற்றிக்கொண்டார்.

மாப்பிள்ளை பிரதாப் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சமையல் பழகி, ஆஸ்திரேலியாவில் மெல்போர்னுக்குப் போனவர். சுதர்ஷினியும் பின்னால் போனாள். அங்கேயே ஒரு பெண் குழந்தை பிறந்து மூன்று வயதாகிவிட்டது. வீரய்யா பேத்தியைப் படத்தில்தான் பார்த்திருந்தார். இரண்டாயிரத்து எட்டு சித்திரைக்குக் குடும்பத்தோடு வருவதாக முடிவாகியது. டிக்கெட்டுக்குக் காசு சேர்ந்துவிட்டது. தை பிறந்த கையோடு எடுத்தால் விலை மலிவு என்று சுதர்ஷினி சொல்லியிருந்தாள். காளியாயி அப்போதே லயக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி, அடித்த பிறகு சரியில்லை என்று திரும்பவும் அடிக்க வைத்தாள்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு சுதர்ஷினி பேசினாள். லயத்தில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உள்ள பாறையில் ஏறி, இறம்பொடைப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றால் கிடைக்கும். அப்படி நின்றுதான் வீரய்யா விஷயத்தைக் கேட்டார். பிரதாப் வேலை முடிந்து ரயிலில் வரும்போது கைத்தொலைபேசியில் சூதாட்டம் ஆடப் பழகியிருக்கிறார். இதுவரை சில்லறைக் காசுதான். இப்போது எங்கேயோ ஒரு தீவில் இருக்கிற கம்பெனி, நீ எவ்வளவு போடுகிறாயோ அதே அளவு நாங்களும் போனஸ் போடுகிறோம் என்று செய்தி அனுப்பியிருக்கிறது. டிக்கெட் காசு முழுவதையும் போட்டு இரண்டு மடங்காக்கி, வரும்போது மாமியாருக்குக் காப்பு வாங்கி வருவது என்று அவர் கணக்குப் போடுகிறாராம்.

"நீங்க சொன்னா கேப்பாருப்பா. காசு போச்சுன்னா இன்னும் ரெண்டு வருசத்துக்கு நாங்க வரமுடியாது," என்றாள் சுதர்ஷினி.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மாமனார் மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்வது லயத்தில் இல்லாத வழக்கம். சொன்னால் மாப்பிள்ளை முகம் சுளிப்பார். பிறகு சம்பந்தி வீட்டில் பேச்சு வரும். அது மகள் தலையில் வந்து முடியும். வீரய்யா பிரதாப்புக்கு எதிரில் உட்காரவே மாட்டார். தொலைபேசியில் பேசும்போதுகூட எழுந்து நின்றுகொள்வார்.

"வேணாம் மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னா?" என்று காளியாயி கேட்டாள். "தொரைகிட்ட மட்டும் வாய் நுவரெலியா வரைக்கும் போகுது."

"அவரு தொரை இல்ல. மாப்பிள்ளை."

அடுத்த நாள் பாறையில் ஏறி, போனஸ் ஏதோ தருகிறார்களாமே என்று பட்டும் படாமலும் பிரதாப்பிடம் கேட்டார். பிரதாப் ஒளிக்கவில்லை. சந்தோஷமாகச் சொன்னார்: "உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் செய்யணும்னு இருந்தேன் மாமா. போனஸ் விசயத்துல உங்களைவிட யாருக்குத் தெரியும்?" கம்பெனியின் நிபந்தனைகளை மின்னஞ்சலில் அனுப்புவதாகவும் சொன்னார்.

வீரய்யாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து இராசரத்தினம் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறினார். அங்கே காசு கொடுத்துத் தொலைபேசி பேசும் ஒரு கம்யூனிகேஷன் கடையில் கம்ப்யூட்டர் இருந்தது; பிரதாப்பின் மின்னஞ்சல் அந்தக் கடை முகவரிக்குத்தான் வந்திருந்தது. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் கம்பெனியின் இங்கிலீஷில் இருந்த இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்தார். பிறகுதான் நிபந்தனைகளுக்கு வந்தார்.

"உந்த போனஸைக் கையிலை எடுக்கேலாது, வீரய்யா. அதைப் போலை முப்பத்தைஞ்சு மடங்கு காசுக்கு விளையாடி முடிச்சாத்தான் எடுக்க விடுவினம். அதுவும் ஏழு நாளுக்குள்ளை."

வீரய்யா கண்ணை மூடி யோசித்தார். கொழுந்து மலையில் ஒரு செடியில் ஒருமுறை கிள்ளினால், மறுபடி துளிர்க்க ஒரு வாரமாவது விடவேண்டும்.

"ஒரு வாரத்துக்குள்ள ஒரே செடியில முப்பத்தஞ்சு தடவை கொழுந்து எடுக்கச் சொல்றான்," என்றார். "மூணாவது தடவையில குச்சிதான் இருக்கும், மாஸ்டர்."

மாஸ்டர் அது மிகச் சரியான உவமை என்று ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனி கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அத்தனை தடவை ஆடி முடிப்பதற்குள் போட்ட காசும் போய்விடும் என்று விளக்கினார். மேலும் வாசித்தார். சக்கரம் சுற்றுகிற ஆட்டம்தான் முழுக் கணக்கில் சேரும். சீட்டாட்டம் பத்தில் ஒரு பங்குதான் சேரும். முற்றின இலை கழிவு, என்றார் வீரய்யா. எவ்வளவு வென்றாலும் ஓர் அளவுக்கு மேல் எடுக்க முடியாது. கூடுதல் கிலோவுக்குக் காசு இல்லை, என்றார் வீரய்யா. இடையில் காசைத் திரும்ப எடுத்தால் போனஸும் அதில் வென்றதும் போய்விடும். அப்படி ஒரு கழிவைத் தோட்டத்தில்கூட அவர் பார்த்ததில்லை. கொஞ்சம் மரியாதையோடு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இனி என்ன, வேண்டாம் எண்டு மருமோனுக்குச் சொல்லுங்கோவன்," என்றார் மாஸ்டர்.

அங்கேதான் வீரய்யா தவறு செய்தார். எதிரில் ஒரு நிர்வாகம் இருந்தது. நிபந்தனைகள் அநியாயமாக இருந்தன. இத்தனை வருடப் பழக்கம் சும்மா இருக்க விடவில்லை. மாஸ்டரிடம் ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். வாடிக்கையாளர் பிரதாப்பின் சார்பில் தலைவர் வீரய்யா எழுதிக்கொள்வது. கோரிக்கை நான்கு: முப்பத்தைந்தை ஐந்தாகக் குறைக்கவேண்டும், ஏழு நாளை ஒரு மாதமாக்கவேண்டும், சீட்டாட்டத்தை முழுதாகச் சேர்க்கவேண்டும், தைப்பொங்கல் நாளை லீவாகக் கணித்து அன்றைக்குக் கெடுவை ஓட்டக்கூடாது. மாஸ்டர் இதை வெள்ளைக்காரன் காலத்து அரசாங்கக் கச்சேரி இங்கிலீஷில் மிக மரியாதையாக எழுதி, தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்று முடித்தார். ஊழியன் என்ற சொல்லை வீரய்யா எடுக்கச் சொன்னார். அது முறை என்றார் மாஸ்டர். கால் மணி நேரம் அதில் போயிற்று.

பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தால் பதில் வந்திருந்தது. வீரய்யாவால் நம்ப முடியவில்லை. துரையிடம் ஒரு கடிதத்துக்குப் பதில் வாங்க மூன்று மாதமாகும். இங்கே ஜெசிக்கா என்ற ஒரு பெண், எங்கள் அன்புக்குரிய பிரதாப் என்று ஆரம்பித்து, முப்பத்தைந்தை முப்பதாகக் குறைத்து, போனஸை ஒன்றரை மடங்காக்கி, ஐம்பது இலவசச் சுற்றும் சேர்த்துக் கொடுத்திருந்தாள்.

வீரய்யா வெற்றியோடு லயத்துக்கு வந்தார். பஸ்ஸில் கூட வந்த யாரோ ஒருவருக்கும் விஷயத்தைச் சொல்லியிருந்தார். காளியாயி முழுவதும் கேட்டாள்.

"நிப்பாட்டச் சொல்லி மகள் சொன்னாளா, கூட்டிக் கேக்கச் சொன்னாளா?"

வீரய்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பாறைக்கு ஓடினார். அதற்குள் ஜெசிக்காவின் செய்தி பிரதாப்புக்கும் போயிருந்தது. அவர் குரலில் மகிழ்ச்சி பொங்கியது.

"மாமா, ஒரு கடிதத்துல ஒன்றரை மடங்கு. இங்க என்கூட வேலை செய்றவங்க யாரும் நம்பல. நாளைக்குப் பொங்கல், நல்ல நாள். காலையிலயே காசைப் போட்டுர்றேன்."

பாறையில் காற்று பலமாக அடித்தது. வேண்டாம் என்ற சொல் வீரய்யாவின் தொண்டை வரை வந்து, மாப்பிள்ளை மரியாதையில் தடுக்கி உள்ளே போய்விட்டது. பேத்தி வரமாட்டாள். இன்னும் இரண்டு வருடம். அவளுக்கு அப்போது ஐந்து வயதாகியிருக்கும், தமிழ் மறந்திருக்கும். போனஸையும் இனிக் குறை சொல்ல முடியாது; கேட்டு வாங்கியவரே அவர்தான். பொங்கல் என்று மாப்பிள்ளை சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு வீரய்யா ஜெசிக்காவின் பதிலை ஒவ்வொரு வரியாக ஞாபகப்படுத்திப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, பெரட்டுக்களத்துக் குரலை எடுத்தார்.

"மாப்பிள்ளை, நாலு கோரிக்கை வச்சோம். பொங்கல் லீவைப் பத்தி அவன் ஒரு வார்த்தை எழுதல."

"ஆமா மாமா, எழுதல."

"நம்ம சனத்தைப் பொங்கல் அன்னைக்கும் வேலை செய்யச் சொல்றான். இதை விட்டுக்கொடுத்தா நாளைக்குத் தீபாவளியையும் எடுத்துருவான். பேச்சுவார்த்தை முறிஞ்சுபோச்சுங்க. இன்னையிலருந்து ஸ்ட்ரைக்கு. லீவு குடுக்கிற வரைக்கும் நம்ம ஆளு யாரும் அந்தப் போனுல கை வைக்கக்கூடாது."

பிரதாப் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்கள் தோட்டத்தில் ஒரு ஸ்ட்ரைக் நடந்தது. ஒரே ஒருவன் மட்டும் மலைக்கு வேலைக்குப் போனான். அதன் பிறகு அவனோடு யாரும் பேசவில்லை. அவன் மகன் கல்யாணத்துக்கு மேளக்காரர் வரவில்லை. அவன் ஆடு மேய வந்தால் மற்ற ஆடுகளைக்கூட ஓட்டிக்கொண்டு போனார்கள். லயத்தில் பிறந்த எவனும் அதை மறக்கமாட்டான்.

"சரிங்க தலைவர்," என்றார் பிரதாப். மாமா என்று சொல்லவில்லை.

பொங்கல் அன்று காலை சுதர்ஷினி டிக்கெட் எடுத்துவிட்டாள். ஸ்ட்ரைக் காலத்தில் காசு வெளியே கிடந்தால் மனசு கெடும் என்று அவளே ஒரு காரணம் சொன்னாளாம். அது நியாயம் என்று பிரதாப் வங்கி அட்டையை எடுத்துக் கொடுத்தாராம்.

காரியம் முடிந்ததும் வீரய்யா ஸ்ட்ரைக்கை நைசாக விலக்கிக்கொள்ளப் பார்த்தார். ஆனால் பிரதாப் பிடித்துக்கொண்டார். கம்பெனி தினமும் செய்தி அனுப்பியது: உங்களைக் காணாமல் தவிக்கிறோம், இன்னும் நூறு இலவசச் சுற்று தருகிறோம், வாருங்கள். பிரதாப் அதை ஸ்ட்ரைக்கை உடைக்க நிர்வாகம் செய்யும் சூழ்ச்சி என்று புரிந்துகொண்டார். "இன்னைக்கு இலவசச் சுற்று இருநூறாக்கிட்டான் மாமா. அசையலயே நான்," என்று பெருமையோடு சொன்னார். ஒரு வாரம் கழித்து, அதே கம்பெனியில் ஆடும், கூட வேலை செய்யும் பஞ்சாபி ஒருவரும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரும் ஸ்ட்ரைக்கில் சேர்ந்திருப்பதாகச் செய்தி வந்தது. பஞ்சாபிக்குப் பொங்கல் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் லீவு என்றால் தெரியும். மாசி மாதத்தில் அவர்கள் வாரத்துக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது கோரிக்கையாகக் குருநானக் பிறந்தநாளும் சேர்ந்தது.

"ரெண்டு மாசமா ஒரு சதம் விளையாடலப்பா," என்றாள் சுதர்ஷினி. "ஆனா சதா நேரமும் மீட்டிங்கு."

சித்திரையில் அவர்கள் வந்தார்கள். வேன் லயத்து வாசலில் நின்றதும் காளியாயி ஆலத்தி எடுத்தாள். சுதர்ஷினி இறங்கி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பேத்தி இறங்கமாட்டேன் என்று இருக்கையைப் பிடித்துக்கொண்டது. பிரதாப் இறங்கி நேராக வீரய்யாவிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

"மாமா, கம்பெனி என் கணக்கை மூடிட்டான். கடிதம் தொல்லை தாங்கலயாம். இனி எப்பவும் விளையாட முடியாதுன்னு எழுதிட்டான். மூணு பேரையும் நிப்பாட்டிட்டான்."

இதைவிட நல்ல செய்தி ஒரு மாமனாருக்குக் கிடைக்காது. வீரய்யா அதைத்தான் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் அவர் நிமிர்ந்தார். கண்கள் சுருங்கின. வலது கை தானாக உயர்ந்து நான்கு விரல்களை விரித்தது.

"காரணம் கேக்காம நிப்பாட்டினானா? முன்னறிவித்தல் குடுத்தானா? இது சட்டவிரோதம் மாப்பிள்ளை. மூணு பேரையும் திரும்பச் சேக்கணும், நின்ன நாளுக்கும் போனஸ்..."

காளியாயி ஆலத்தித் தட்டைச் சுதர்ஷினி கையில் திணித்தாள். வேனுக்குள் எட்டிப் பேத்தியைத் தூக்கினாள். கத்திக்கொண்டிருந்த பிள்ளையை அப்படியே வீரய்யாவின் நெஞ்சில் வைத்தாள். விரித்த விரல்களை மடக்கிப் பிள்ளையைப் பிடிக்கவேண்டியதாகிவிட்டது. பிள்ளை அழுகையை நிறுத்தி அவருடைய மீசையைப் பார்த்தது. பிறகு அதைப் பிடித்து இழுத்தது.

மாலையில் இராசரத்தினம் மாஸ்டர், அந்தக் கம்பெனிக்கு மேன்முறையீடு எழுத வேண்டியிருக்குமோ என்று கேட்டுக்கொண்டு வந்தார். வீரய்யா படியில் உட்கார்ந்திருந்தார். மீசை இன்னும் பேத்தியின் கையில்தான் இருந்தது. தலையை அசைக்க முடியாமல், வேண்டாம் என்று கையால் காட்டினார்.