உதுமான் காக்காவின் நாக்கு

சூறாவளி தென்னந்தோட்டங்களைப் படுக்கப் போட்டதே, அதற்கு அடுத்த சிறுபோக வேளாண்மையில்தான் நான் அந்தப் பம்ப் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு முன்பே அங்கே இருந்தவர் ஏறாவூர் உதுமான் காக்கா. முஸ்லிம் அண்ணனை நாங்கள் காக்கா என்போம். இன்று காலை மௌத்தாகிவிட்டார்; உயிர் அடங்கிவிட்டது.

நான் சொல்ல மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது... ஆனால் ஒன்றும் மறக்கவில்லை.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் வாவிக் கரையில் நிற்கிற செங்கல் புகைபோக்கியைப் பார்த்திருப்பீர்கள். அது எங்களுடையது. ஸ்டீம் இஞ்சின். ஊரெல்லாம் டீசல் வந்த பிறகும் முதலாளி அதை விடவில்லை. அவருடைய அரிசி மில்லில் உமி மலையாகக் கிடந்தது.

உமியை எரித்து, வாவித் தண்ணீரை ஏற்றி வட்டை வயலுக்கு விடுவோம். பாய்லருக்கும் அதே தண்ணீர்தான்.

நெருப்புக்கு முன்னால் நின்றவன் நான். வெந்தது என் தோல். பெயர் அவருக்கு.

காற்று மாறினால் கடல் தண்ணீர் புகுந்து வாவியில் உப்பு ஏறும். உப்புத் தண்ணீர் பயிரைக் கருக்கும். பாய்லரில் நுரைத்து இஞ்சினுக்குள்ளும் பாய்ந்து அதை உடைக்கும். அதனால் விடிய வெள்ளென காக்கா படியில் இறங்கி, சிரட்டையில் அள்ளி, வாயில் உருட்டித் துப்புவார்.

"விடு" என்றால் நெருப்பு. "வேணாம்" என்றால் அன்றைக்கு எல்லோரும் சும்மா. முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார்.

வயல்காரர்கள் சைக்கிளை நிறுத்தி, "காக்கா, இண்டைக்கு எப்பிடி?" என்று அவரிடம் கேட்பார்கள். என்னிடம் வருவது பீடி பற்றவைக்க.

எனக்கும் நாக்கு இருந்தது. ஒரு மாதம் வெற்றிலையை விட்டேன். வீட்டில் செம்புத் தண்ணீரில் உப்புக்கல் போட்டுப் போட்டுப் பழகினேன். மனைவி சொன்னாள், "தண்ணியக் குடிங்க மனிசா. அதோட என்ன ஆராய்ச்சி?"

பழகியும் விட்டேன். ஆனால் யாரும் கேட்கவில்லை...

ஒரு நாள் காக்காவுக்குத் தடிமன். மூக்கு அடைத்து, கண் சிவந்து வந்தார். "எனக்கு ஒண்டும் தெரியுதில்ல மனே. இண்டைக்கு நிப்பாட்டுவம்."

"நான் பாக்கன் காக்கா" என்றேன். சிரட்டையைக் கொடுத்தார்.

கரித்தது.

இங்கே மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அப்பா, இதையும் போடவா?" போடு மகள்.

கரித்தது. வடிவாகத் தெரிந்தது. ஆனால் நானும் வேணாம் என்றால் காக்கா சொன்னதுதான் நடந்ததாகும். என் நாக்கை யார் நினைக்கப்போகிறார்கள்?

"நல்ல தண்ணி" என்றேன். "விடலாம்."

மத்தியானம் இஞ்சினுக்குள் சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். சிலிண்டர் மூடி குறுக்கே பிளந்துவிட்டது. அதன் பிறகு அந்த இஞ்சின் ஓடவில்லை.

முதலாளி வந்து, "ஆர் தண்ணி பாத்த?" என்று கேட்டார். நான் உமிக்குவியலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான்" என்றார் காக்கா. "தடிமன்ல பிழைச்சிட்டு."

அன்றோடு அவருக்கு வேலை போனது. ஏறாவூரில் தேத்தண்ணிக் கடை போட்டார். புதிதாக வந்த டீசல் பம்பில் என்னை வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் பேச்சு அவரைப் பற்றித்தான். "பிழையை ஒத்துக்கொண்ட மனிதன்" என்று. எனக்கு அதுவும் எரிந்தது.

போன வருடம் கேம்பஸ் பிள்ளைகள் டேப்போடு வந்து புகைபோக்கியை அளந்தார்கள். பாய்லருக்குள் புகுந்து வெள்ளைப் பொருக்கைச் சுரண்டிப் பையில் போட்டார்கள். பிளந்த மூடியைப் படம் எடுத்தார்கள். காக்காவைக் காரில் கூட்டி வந்து கதிரை போட்டு இருத்தினார்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

"இது எப்படி உடைந்தது ஐயா?"

"என்ட நாக்கால" என்றார்.

இப்போது அங்கே ஒரு போர்ட் இருக்கிறது. மகள் வாசித்துக் காட்டினாள். தண்ணீரைச் சுவைத்தே உப்பு அறிந்தவர் உதுமான் என்றும், ஒரே ஒரு நாள் அவர் தவறியதில் இஞ்சின் நின்றது என்றும். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். என் பெயர் இல்லை.

அந்தப் பிள்ளைகள் போர்ட்டை நட்டுவிட்டுப் போன பிறகு அவரிடம் கேட்டேன். "இத்தின வருசம் போச்சே காக்கா. இனியாவது தண்ணி பாத்தது ஆரெண்டு சொன்னா என்ன?"

சிரித்தார். பல் இல்லை. "சொன்னா மறுகா உன்ட பேரும் போர்ட்டில ஏறிரும். எனக்குப் பொறுக்குமா மனே?"

அவருக்குத் தெரிந்தே இருந்தது... என் எரிச்சல், என் பொய், எல்லாம்.

பின்னேரம் அடக்கம். நான் ஏறாவூருக்கு வெளிக்கிடுகிறேன். போய்ட்டு வாங்க காக்கா.

இஞ்சினுக்கு எண்ணெய் போட்ட வேலுப்பிள்ளை போய்விட்டார். வாய்க்கால் பார்த்த கந்தையா போய்விட்டார். இன்று காக்கா.

அன்றைக்குத் தண்ணீரை வாயில் வைத்தவன் மட்டும் மிச்சம். அவன் பெயர் சாமித்தம்பி.