ஆறு என்று சொன்ன சேவகன்

ஹெக்டருக்கு இருபத்திரண்டு வருடமாக மேடையில் ஒரு வசனமும் கிடையாது. கொழும்புக் கொட்டாஞ்சேனையில் தவக்காலத்துக்குப் போடும் இயேசுவின் திருப்பாடுகள் நாடகத்தில் அவர் நிரந்தர ரோமச் சேவகன். ஈட்டி பிடிப்பார், யாரையாவது தள்ளுவார், சிலுவைக்குக் கீழே குந்தியிருப்பார். பகலில் துறைமுகத்தில் பெட்டி எண்ணும் கிளார்க். வேலை விட்டு வரும் வழியில் புக்கி. இங்கிலாந்தில் எங்கேயோ ஓடும் குதிரைக்கு இங்கே துண்டு எழுதிக் காசு கட்டும் கடை அது. அந்தக் கடையால் உருப்பட்டவன் கடைக்காரன் மட்டும்தான். ஹெக்டருக்கும் அது தெரியும். தெரிந்துதான் போனார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டுத் தவக்காலம். சண்டை வடக்கில், சோதனைச் சாவடி இங்கே. இருட்டுமுன் சனம் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக நாடகத்தை நான்கு ஞாயிறும் பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தார்கள். எழுதி இயக்குபவர் தையற்கடை கிளறன்ஸ் மாஸ்டர். அந்த வருடம் அவர் புதிதாக ஒன்று சேர்த்தார். இயேசுவின் அங்கிக்குச் சேவகர் நால்வரும் சூதுக்கட்டை உருட்டுகிறார்கள் அல்லவா? வென்றவன் அங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, மேலே சிலுவையைப் பார்த்துப் பேச ஒரு வசனம். சின்னதுதான், ஆனால் சபையைக் கலக்கக் கூடியது.

அது தனக்குத்தான் என்று ஹெக்டர் நினைத்தார். மாஸ்டர் அதைச் சிவமணிக்குக் கொடுத்தார். சிவமணி யாழ்ப்பாணத்துப் பெடியன். புறக்கோட்டையில் புடைவைக் கடையில் நின்றுகொண்டு, கனடாப் போகும் கடதாசிக்காக லொட்ஜில் காத்திருப்பவன். சைவப் பெடியன் என்று ஒருவரும் குறை சொல்லவில்லை. குரல் அப்படி.

ஒத்திகையில் கட்டை உருட்டும் இடம் செத்துக் கிடந்தது. நால்வரும் வெறுங்கையை ஆட்டி, சிவமணி வென்றதாகக் கத்தி முடித்தார்கள். ஹெக்டர் பொறுக்க முடியாமல் எழும்பினார்.

"மாஸ்டர், காசு வைச்சவன் இப்பிடி இருக்கமாட்டான். பக்கத்தில நிக்கிறவன்ர மூஞ்சியப் பாக்கவே மாட்டான். கட்டை உண்மையா உருளட்டும். ஆருக்கு விழுகுதோ அவன் கதைக்கட்டும்."

இதைக் கலைக்காகச் சொன்னாரா, வசனத்துக்காகச் சொன்னாரா? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் யோசித்தார். முடிவு வரவில்லை.

மாஸ்டர் சம்மதித்தார். நால்வரும் வசனத்தைப் பாடமாக்கினார்கள். பிஸ்கட் தகரத்தில் செய்த தலைக்கவசத்தை வாய் மேலே பார்க்க வைத்து, பிள்ளைகளின் லூடோப் பெட்டியிலிருந்து எடுத்த கட்டையை அதற்குள் ஒவ்வொருவராக உருட்ட வேண்டும். உருட்டியவன் குனிந்து பார்த்து, விழுந்த எண்ணைத் தானே உரத்துச் சொல்லிவிட்டுக் கட்டையை அடுத்தவனிடம் கொடுப்பான். கூடின எண்ணுக்கு அங்கியும் வசனமும். சமனாக வந்தால் அந்த இரண்டு பேரும் திரும்ப உருட்ட வேண்டும். புக்கியில் துண்டு கிழியும்போது ஆட்கள் எப்படி மூச்சை விடுவார்கள், தோற்றவன் எப்படிச் சட்டைப் பையைத் தடவுவான் என்பதையெல்லாம் ஹெக்டர் செய்து காட்டினார். மாஸ்டர் ஊசியை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக ஹெக்டரிடம் அவர் ஒன்றைக் கற்றார்.

முதல் ஞாயிறு சிவமணி வென்றான். இரண்டாம் ஞாயிறு இன்னொருவன். மூன்றாவது மறுபடி சிவமணி. ஹெக்டருக்கு விழுந்தது ஒன்று, மூன்று, இரண்டு.

இதற்குள் புக்கியில் துண்டெழுதும் நாகேந்திரம் தன் பாட்டுக்கு ஒரு பந்தயத்தைத் தொடங்கிவிட்டார். குதிரைக்கு அல்ல, சேவகருக்கு. எவன் அங்கியை எடுப்பான்? மூன்றாம் ஞாயிறு மண்டபம் நிரம்பி வழிந்தது. கோயில் வாசலை மிதிக்காதவனெல்லாம் முன்வரிசையில். பக்தி பெருகிவிட்டதென்று பாதர் மகிழ்ந்தார். பெருகியது பக்தி அல்ல. கட்டை உருளும்போது சபை முழுவதும் மூச்சடக்கிக் கிடந்தது, ஒரு குழந்தைகூட அழவில்லை. அந்த அமைதி சிலுவைக்கா, கட்டைக்கா என்று சிலுவைக்குக் கீழே குந்தியிருந்த ஹெக்டருக்கே விளங்கவில்லை.

அவருடைய மனைவி யோசெப்பின் ஒரு ஞாயிறும் வரவில்லை. கேட்டபோது தேங்காய் துருவுவதை நிறுத்தாமல் சொன்னாள்:

"புக்கியக் கொண்டுபோய்ச் சிலுவைக்குக் கீழ வைச்சிட்டீங்கள். அதை நான் வேற வந்து பாக்கோணுமே?"

பிறகு என்ன நினைத்தாளோ, கடைசி ஞாயிறு வருவதாகச் சொன்னாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் மேடையில் வாய் திறந்து அவள் கண்டதில்லை. ஒரு தரமாவது அவள் முன்னால் அந்த வசனத்தைப் பேச வேண்டும். அந்தக் கிழமை முழுவதும் ஹெக்டருக்கு வேறு நினைப்பில்லை. பெட்டி எண்ணும்போதும் உதடு அசைந்தது.

கடைசி ஞாயிறு யோசெப்பின் மூன்றாம் வரிசையில் இருந்தாள், மடியில் செபமாலையோடு. முதல் இரண்டு சேவகரும் மூன்று, நான்கு என்று சொன்னார்கள். சிவமணி குனிந்தான்.

"அஞ்சு."

சபையில் ஒரு முனகல். ஹெக்டர் உருட்டினார். கட்டை தகரத்தில் சுழன்று நின்றது. குனிந்து பார்த்தார். இரண்டு.

"ஆறு" என்றார்.

அவர் வாய்தான் சொன்னது. ஏன் சொன்னது என்று யோசிக்குமுன் மண்டபம் அதிர்ந்தது. கட்டையை எடுக்கவும் மறந்து போனார். தகரத்துக்குள் இரண்டு புள்ளி அப்படியே இருந்தது. எழும்பிய சிவமணி அதைக் கண்டான். ஹெக்டரின் முகத்தைப் பார்த்தான். பிறகு கால் இடறியதுபோல் தலைக்கவசத்தைத் தட்டிவிட்டான். கட்டை உருண்டு திரைக்குள் போய்விட்டது.

ஹெக்டர் அங்கியை எடுத்தார். கை உதறியது. "உடுப்பு என்னிடம் வந்துவிட்டது. உடுத்தவர் மேலே தொங்குகிறார். நான் எதை வென்றேன்?" கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. சபை அழுதது. பந்தயம் கட்டித் தோற்றவனும் கண்ணைத் துடைத்தான். மாஸ்டர் பின்னால் வந்து தோளைப் பிடித்து, இருபத்திரண்டு வருடமாக எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்டார். அது நடிப்பா, பிடிபட்டவனின் நடுக்கமா?

வீடு போகும் வழியில் சந்தியில் சோதனைக்காரர் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் யோசெப்பின் சொன்னாள்:

"நல்லாத்தான் இருந்தது. புக்கியால வாற நேரம் உங்கட முகம் இப்பிடித்தான் இருக்கும். வெண்ட நாளிலயும்."

அது பாராட்டா, ஏச்சா? கேட்கப் பயந்து அவர் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் புக்கியில் நாகேந்திரம் சிரித்தார். ஒரு நாளும் வெல்லாத சேவகன் என்று ஹெக்டரில் ஒருவரும் காசு கட்டவில்லையாம். ஒரே ஒரு ஆளைத் தவிர.

"ஆர்?"

"உம்மட சிவமணிதான். ஒண்டுக்கு எட்டு குடுத்தனான். அள்ளிக்கொண்டு போயிட்டான்."

ஹெக்டர் அன்று குதிரைத் துண்டு எழுதவில்லை. நேரே லொட்ஜுக்குப் போனார். சிவமணி படியில் குந்தியிருந்து சப்பாத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒன்றையும் மறைக்கவில்லை.

"காசு கட்டினது உண்மை அண்ணை. ஆனா கட்டையத் தட்டினது அதுக்கில்லை."

"அப்ப எதுக்கு தம்பி?"

சிவமணி துணியை மடித்தான், விரித்தான்.

"தெரியேல்லை. உங்கட முகத்தைப் பாத்தன், கால் தானாத் தட்டீட்டுது. அது சரி, நீங்கள் ஏன் ஆறு எண்டனீங்கள்?"

ஹெக்டர் அவன் பக்கத்தில் படியில் குந்தினார். பிறகு சிவமணி தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். அந்தக் காசில்தான். ஹெக்டர் குடித்தார்.

அடுத்த தவக்காலத்துக்குள் சிவமணி கனடா போய்விட்டான். பந்தய விசயம் எப்படியோ பாதரின் காதுக்கும் எட்டி, நாகேந்திரத்தின் துண்டு நின்றது. மாஸ்டர் வசனத்தை ஹெக்டருக்கே நிரந்தரமாக எழுதிக் கொடுத்தார். கட்டை வேண்டாம், வெறுங்கை போதும் என்றார். ஹெக்டர் ஒத்துக்கொள்ளவில்லை, கட்டை உருளத்தான் வேண்டும் என்றார். ஞாயிறுதோறும் உருட்டுவார், குனிந்து பார்ப்பார், ஒன்றோ மூன்றோ எது விழுந்தாலும் "ஆறு" என்பார். கை உதறும், குரல் உடையும், சபை அழும். யோசெப்பின் முன்வரிசையில் இருப்பாள்.

மூன்றாம் ஞாயிறு குனிந்து பார்த்தார். உண்மையிலேயே ஆறு.

"ஆறு" என்றார். அங்கியை எடுத்தார். கை கல்லுப்போல நின்றது. சிலுவையைப் பார்த்தார், சபையைப் பார்த்தார், யோசெப்பினைப் பார்த்தார். ஒரு வருடமாக நித்திரையிலும் சொன்ன வசனம் வாயில் வரவில்லை. மாஸ்டர் திரைக்குப் பின்னால் நின்று முதல் சொல்லை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.