சிவப்பு பல்பும் பதினோரு பிரேக்கும்

இது அப்படியே நடந்த கதை. உருளைக்கிழங்கோடு அவித்து மேஜையில் கொட்டியிருக்கும் இந்தச் சேற்று இறால்மேல் சத்தியம். சரி, வாயில்லாத இறாலை எதற்கு வம்புக்கு இழுப்பது, ஒப்புக்கொண்டு விடுகிறேன். அங்கங்கே கொஞ்சம் ஊதித்தான் சொல்வேன். ஓவைட் கிட்ரியின் வயிற்றைப் பற்றி வரும் இடங்களில் மட்டும் ஊதவில்லை. அது ஏற்கெனவே ஊதித்தான் இருக்கிறது.

ஓவைடும் நானும் நெல் ஆலையில் இருபத்தாறு வருஷமாக ஒரே பெல்ட்டைக் காவல் காக்கிறோம். தங்கமான ஆள். போன புயலில் என் கூரை பறந்தபோது, தன் கூரையில் பாதியைப் பிரித்துத் தர ஏணியோடு வந்து நின்றவன். அவனுக்கு ஒரே ஒரு பலவீனம், பூதான். சோறும் பன்றிக்கறியும் ஈரலும் மிளகாயும் குடலில் திணித்து அவிப்பார்களே, அதுதான். ஏபேர் பெட்ரோல் பங்க் கடையில் சூடாக ஒரு சட்டி பூதான் இறங்கியதும் வாசலில் சிவப்பு பல்பு எரியும். அது எரிந்துவிட்டால், பிண வண்டியை ஓட்டிக்கொண்டு போனாலும் ஓவைட் பிரேக் போடுவான். பிணமும் ஒன்றும் சொல்லாது. எங்கள் ஊர்ப் பிணம்தானே.

போன வருஷம் டாக்டர் அவன் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, கொழுப்பு தெரிகிறது, ரத்தம் எங்கே என்று கேட்டாராம். இந்த வருஷம் சாம்பல் புதனன்று நெற்றிச் சாம்பல் காய்வதற்குள், இனி ஆயுசுக்கும் பூதானைத் தொடமாட்டேன் என்று பாதர் முன்னால் சத்தியம் பண்ணினான். புருஷன் தனியாகத் தவிக்கக் கூடாது என்று அவன் மனைவி வெர்லியும் கூடவே சத்தியம் பண்ணினாள். கோயிலில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தோம்.

அதே வாரம்தான் அவர்கள் மகள் எலொடீக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்தது. பதினேழு வயது, பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். பாத்திரம் கழுவுவதில் ஆர்வம் கிடையாது, அதே பாத்திரத்தைப் பற்றவைக்கச் சொன்னால் பறப்பாள். லாஃபயெட்டில் வெல்டிங் பள்ளியில் ஜூன் மாதம் சேர இடம் வாங்கிவிட்டாள். முப்பது மைல். காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். ஓவைட் ஐந்துக்கே ஆலைக்குப் போகிறவன். வெர்லி இரண்டு வீடு தள்ளி முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். வியாழன் ஒருநாள்தான் லீவு, மற்ற நாள் ஆறு மணிக்கே அங்கே தலைகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும். அம்மாவின் பழுப்புக் காரை எலொடீயே ஓட்டிப் போனால்தான் படிப்பு.

அதற்குக் குடும்பத்தின் கார் இன்சூரன்ஸில் அவள் பெயர் ஏற வேண்டும். ஏஜென்ட் நதீன் புதுக் கட்டணத்தைத் தாளில் எழுதி நீட்டினாள். எதற்கு உன் போன் நம்பரைத் தருகிறாய், என்னிடம் இருக்கிறதே என்றான் ஓவைட். நதீனே ஒரு வழியும் சொன்னாள். தீப்பெட்டி அளவில் ஒரு கருவி உண்டு. ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினால் வேகம், பிரேக், நேரம், இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு பத்து வாரத்தில் மார்க் போடும். அதுவரை பெண்ணைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள். நூற்றுக்கு எண்பது வந்தால் பெரிய தள்ளுபடி. ஓவைட் தீர்ப்பு சொன்னான். எண்பது வந்தால் பெயர் ஏறும். வராவிட்டால் வெல்டிங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

எலொடீ அந்தப் பத்து வாரமும் ஓட்டிய ஓட்டு இருக்கிறதே, ஆமைகள் பின்னால் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. நின்று போகச் சொல்லும் பலகை ஒவ்வொன்றிலும் நின்று, ஒரு செபம் முடித்து, மறுபடி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

மார்க் வந்தது. நாற்பத்து மூன்று.

முடியாது என்று சொல்லிவிட்டான் ஓவைட். எலொடீ அழவில்லை, கத்தவில்லை. "எங்க எங்க தப்புப் பண்ணேன்னு நதீன் அக்காகிட்ட லிஸ்ட் இருக்கும்ப்பா. வாங்கிப் பாப்போம்" என்றாள். லிஸ்டெல்லாம் எதற்கு, மனசுதான் கஷ்டப்படும் என்று ஓவைட் இழுத்தான். வெர்லி இரண்டு பேரையும் காரில் தள்ளிக்கொண்டு போனாள்.

நதீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். பதினோரு திடீர் பிரேக். பத்து, சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. ஒன்று, ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. எல்லாம் ஒரே இடம், ஏபேர் பங்க் முன்னால். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள். அவளும் இந்த ஊரில் பிறந்தவள். பல்பு அவளுக்கும் தெரியும்.

ஓவைடின் பச்சை வண்டியை ஊரில் நாய்க்குட்டிக்குக்கூட அடையாளம் தெரியும். அதனால் சனிக்கிழமை வெர்லி முடிவெட்டப் போனதும், டயருக்குக் காற்று அடித்து வருகிறேன் என்று பழுப்புக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். பத்து வாரம் அடித்த காற்றில் அந்தக் கார் தரையில் ஓடியதே பெரிய விஷயம். கருவியைப் பற்றி அவன் கவலையே படவில்லை. அது பெண்ணுக்காக வைத்தது, பெண் ஏறினால்தான் முழிக்கும் என்று மனதார நம்பினான்.

"சனிக்கெழம அங்க உனக்கு என்னடி வேல?" என்று வெர்லி கேட்டாள்.

எலொடீ அப்பாவை ஒருமுறை பார்த்தாள். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஸ்டியரிங்கில் இருந்த கொழுப்பைச் சோப்புப் போட்டுத் துடைத்தவள் அவள்தான். ஒருத்தரிடமும் வாயைத் திறந்ததில்லை.

"நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சும்மா."

"பத்து வாரமும் அதே நாயா?"

"அதேதாம்மா. பெரிய நாயி. வயிறு இம்புட்டு இருக்கும்."

ஓவைடின் காது இரண்டும் அந்த பல்பு மாதிரி எரிந்தன. தொப்பியைக் கழற்றினான். பெயரும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம் என்று தனக்காக ஒரு பிள்ளை விட்டுக்கொடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தால் யாரால் தாங்க முடியும்?

"அந்த நாய் நாந்தான் வெர்லி. புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. நதீன், அவ மார்க்க அவளுக்குத் திருப்பிக் குடுத்துரு."

டெக்சஸ் எல்லை வரை கேட்கிற மாதிரி வெர்லி கத்துவாள் என்று நதீன் ஜன்னலைச் சாத்தினாளாம். வெர்லி ஒரு வார்த்தை திட்டவில்லை. சத்தியத்தை மீறியது கடவுளுக்கும் உனக்கும் உள்ள விவகாரம் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்தப் பொறுமையை ஊரே ஒரு வாரம் பேசியது.

நதீன் கருவியைப் புதிதாகத் தொடங்கி ஒரு மாதம் தந்தாள். எலொடீயைத் தவிர ஒருவரும் காரைத் தொடவில்லை. மார்க் தொண்ணூற்று ஏழு. ரோட்டைக் கடந்த ஒரு முதலைக்காக பிரேக் போட்டதில் மூன்று போயிற்று. முதலைக்கு விதிவிலக்கு கிடையாதாம். திங்கட்கிழமை பெயர் ஏறிவிட்டது. அதற்குத்தான் ஓவைட் வீட்டுக் கொல்லையில் இன்று இந்த விருந்து, இத்தனை ஜனம், இந்த இறால்.

விருந்துக் கூட்டத்துக்கு இதுவரை சொல்லிவிட்டு, கதையில் ஊதாத இடமும் உண்டு என்று காட்டத்தான் அந்த வியாழக்கிழமையை எடுத்தேன். அன்று மதியம் ஆலையில் பெல்ட் அறுந்து, நானும் ஓவைடும் சாயங்காலம் ஐந்து மணி வரை இடுப்பளவு நெல்லில் நின்றோம், வேண்டுமானால் ஆலையில் கேளுங்கள் என்றேன்.

ஓவைட் இறால் உரிப்பதை நிறுத்தினான்.

"மூணு மணிக்கு நான் நெல்லுக்குள்ள நின்னேன். எலொடீ பள்ளிக்கூடத்துல. அப்ப பங்க் வாசல்ல பிரேக் போட்டது யாரு?"

உருளைக்கிழங்குக்கு உப்பு போதவில்லை என்று வெர்லி எழுந்தாள்.

"உக்காரு. வியாழக்கெழம உனக்கு லீவு."

"ஒரே ஒரு தடவ. பல்பு எரிஞ்சுது, காலு தானா அமுக்கிருச்சு."

"தொணைக்குச் சத்தியம் பண்ணவளே, தொணைக்கு எனக்கும் ஒண்ணு வாங்கியாந்தியா?"

"பத்து தடவ போனியே, ஒரு துண்டு கொண்டாந்தியா நீ?"

வெர்லியின் அக்கா தங்கைகள் அந்தப் பக்கம் எழுந்தார்கள், ஆலைக்காரர்கள் இந்தப் பக்கம். பத்து பெரிதா ஒன்று பெரிதா என்று ஆரம்பித்து, யார் சத்தியம் முதலில் உடைந்தது என்று போய், தேதி கேட்டு நதீனைச் சூழ்ந்துகொண்டார்கள். இன்று தனக்கு லீவு என்றாள் அவள். எலொடீ மேஜையிலிருந்த கார் சாவியை மெல்ல எடுத்துக்கொண்டு நழுவினாள்.

நான் குறுக்கே புகுந்து, பெல்ட் அறுந்தது புதன்கிழமை, சும்மா ஊதிவிட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இருபத்தாறு வருஷமாக என் பேச்சில் ஒன்றையும் நம்பாத கூட்டம், வியாழக்கிழமையை மட்டும் விடமாட்டேன் என்றது. முதல் உருளைக்கிழங்கு என் நெற்றியில்தான் வந்து விழுந்தது.